டிகிரி இங்கே, சொத்து அங்கே: வேறு மாநிலத்தில் கடன் டிகிரியை நிறைவேற்றுவது

கோயம்புத்தூர் சார்பு நீதிமன்றத்தில் பணத்துக்கு டிகிரி, அதாவது கடனைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை, வாங்கியாயிற்று. பிரதிவாதி அதற்குள் பாலக்காட்டில் குடியேறிவிட்டார். இங்கே இருந்த வீட்டையும் விற்றுவிட்டார். இந்த நிலையில் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கேரளாவில் மறுபடியும் ஒரு கேஸ் போடணுமா?" என்பதுதான்.

வேண்டாம். இந்தியாவின் எந்தப் பகுதியிலும் உள்ள உரிமையியல் நீதிமன்றம் தந்த இறுதித் தீர்ப்பை நாட்டின் எந்த இடத்திலும் சட்டப்படி நிறைவேற்றலாம் என்று அரசியலமைப்பின் 261(3) உறுப்பே சொல்கிறது. கடன் உண்மையா, பிராமிசரி நோட்டில் இருப்பது யார் கையெழுத்து என்ற கேள்விகள் எதுவும் பாலக்காட்டில் மறுபடி எழாது. ஆனால் "சட்டப்படி" என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் வேலை முழுவதும் இருக்கிறது. வழி தெரியாமல் இரண்டு மூன்று வருடம் வாய்தாவிலேயே கரைந்துபோகிற டிகிரிகள் ஏராளம்.

தடையாக நிற்பது மாநில எல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நீதிமன்றத்தின் எல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவில் 2002-இல் நடைமுறைக்கு வந்த நான்காம் உட்பிரிவு, டிகிரி கொடுத்த நீதிமன்றம் தன் எல்லைக்கு வெளியே இருக்கும் ஆள் மீதோ சொத்து மீதோ நிறைவேற்ற முடியாது என்று அடித்துச் சொல்கிறது. மோஹித் பார்கவா வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாய விதி என்றே உறுதிசெய்தது. அதனால் கோயம்புத்தூரிலிருந்து ஈரோட்டுக்குப் போவதென்றாலும் டிகிரியை அனுப்பித்தான் ஆகவேண்டும். மாநிலம் மாறும்போது கூடுதலாகச் சேர்வது நான்கு: மொழி வேறு, எவ்வளவு மதிப்புள்ள வழக்கை எந்த நீதிமன்றம் எடுக்கலாம் என்ற பண வரம்பு வேறு, அந்த மாநிலத்து விதிகள் வேறு, மேலே போனால் உயர் நீதிமன்றமும் வேறு.

முதலில் சொத்து, அப்புறம் நீதிமன்றம்

நான் பார்த்தவரை தவறுகளில் பாதி இந்த வரிசையை மாற்றுவதால் வருகிறது. கடனாளியின் புது முகவரி கிடைத்த உடனே அந்த ஊர் நீதிமன்றத்துக்கு டிகிரியை அனுப்பிவிடுகிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் அவர் வாடகை வீட்டில் இருக்கிறார், சொத்து இருப்பது பக்கத்து மாவட்டத்தில். டிகிரி மறுபடி பயணப்படுகிறது, ஒரு வருடம் போகிறது.

ஆகவே அனுப்பும் முன் தேடுங்கள். கர்நாடகத்தில் விவசாய நிலம் என்றால் பஹணி, ஆந்திராவில் அடங்கல், நம் ஊர் பட்டா சிட்டாவைப் போல இணையத்தில் பார்க்கலாம். வில்லங்கச் சான்று அந்தந்த மாநிலப் பதிவுத்துறையில் கிடைக்கும். ஆனால் ஆள் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது எல்லா இடத்திலும் நடக்காது, சர்வே எண்ணோ பத்திர எண்ணோ கையில் இருந்தால்தான் உறுதி. கடனாளி ஒரு கம்பெனி என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிவு அலுவலகம் எங்கே, சொத்தின் மேல் எந்த வங்கிக்கு அடமானம் பதிவாகியிருக்கிறது என்பது தெரியும். வழக்குகளின் விவரம் கிடைக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் கடனாளியின் பெயரைப் போட்டு அந்த மாவட்டத்தில் தேடுவது பலர் செய்யாத, ஆனால் மிகவும் பயன்படுகிற வேலை. அவர் மேல் வேறு யாராவது வழக்குப் போட்டிருந்தால் அவருடைய சொத்து விவரம் அந்த வழக்கில் இருக்கும். அவரே வாதியாக நின்று யாரிடமாவது பணம் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு வரப்போகிற டிகிரியையே நாம் ஜப்தி செய்யலாம்.

தேடிக் கிடைக்காவிட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21 விதி 41 இருக்கிறது (இனி வரும் விதி எண்கள் எல்லாம் இந்தக் கட்டளை 21-இல் உள்ளவை). பண டிகிரி 30 நாள் நிறைவேறாமல் கிடந்தால், கடனாளி தன் சொத்துகளைப் பிரமாணப் பத்திரமாக 16ஏ படிவத்தில் தாக்கல் செய்யவேண்டும் என்று நீதிமன்றத்தைக் கேட்கலாம். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை உரிமையியல் சிறை. கடனாளி வெளி மாநிலத்தில் வசிக்கிறார் என்றால் இந்த மனுவை அங்கே போய்ப் போடுவதுதான் சரி. இங்கே போட்டால் 39(4) குறுக்கே வந்து நிற்கும்.

டிகிரியை அனுப்பாமலே முடியும் இரண்டு சந்தர்ப்பம்

கடனாளி அரசு ஊழியர், ரயில்வே ஊழியர் அல்லது உள்ளாட்சி ஊழியர் என்றால் விதி 48-ஐப் பாருங்கள். அவரோ சம்பளம் வழங்கும் அதிகாரியோ நீதிமன்ற எல்லைக்குள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளத்தைப் பிடித்து அனுப்பும்படி டிகிரி கொடுத்த நீதிமன்றமே உத்தரவிடலாம். மோஹித் பார்கவா தீர்ப்பும் இந்த விதியை விலக்காகவே வைத்திருக்கிறது. சேலம் நீதிமன்றத்தின் உத்தரவு ஹூப்ளியில் இருக்கும் ரயில்வே அதிகாரிக்கு நேராகப் போகலாம். தனியார் ஊழியர் என்றால் விதி 48ஏ; அங்கே சம்பளம் வழங்கும் அதிகாரி நீதிமன்ற எல்லைக்குள் இருக்கவேண்டும். ஆள் ஹைதராபாத்தில் வேலை பார்த்தாலும் சம்பளம் போடும் அலுவலகம் சென்னையில் என்றால் சென்னை நீதிமன்றம் போதும். கம்பெனியின் சம்பளப் பிரிவு எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரிக்க ஒரு நாள் செலவழித்தால் பல மாத அலைச்சல் மிச்சம்.

எவ்வளவு பிடிக்கலாம் என்பதில் நிறையப் பேர் அதிகமாக எதிர்பார்க்கிறார்கள். 60-ஆம் பிரிவின்படி முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடமுடியாது. சம்பளம் 40,000 என்றால் 1,000 போக 39,000. அதில் மூன்றில் ஒரு பங்கு 13,000. மாதம் அவ்வளவுதான். அதுவும் மொத்தம் 24 மாதம். அதற்குப் பிறகு அதே டிகிரிக்காக அந்தச் சம்பளத்தைப் பிடிக்கவே முடியாது. 13,000 பெருக்கல் 24 என்றால் 3,12,000. டிகிரித் தொகை 6 லட்சம் என்றால், மீதிக்கு வேறு சொத்தைத் தேடவேண்டும் என்பது முதல் நாளே தெரிந்திருக்கவேண்டும். வருங்கால வைப்பு நிதியும் அரசு ஓய்வூதியமும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. 60-ஆம் பிரிவில் சில மாநிலங்கள் தங்கள் திருத்தங்களைச் சேர்த்திருக்கின்றன. அந்த ஊர் வக்கீலிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

இரண்டாவது சந்தர்ப்பம், கையில் இருப்பது நீதிமன்ற டிகிரியாக இல்லாமல் நடுவர் தீர்ப்பாக (ஒப்பந்தப்படி நியமித்த ஆர்பிட்ரேட்டர் தந்த தீர்ப்பாக) இருப்பது. வண்டிக் கடன், தொழில் கடன் ஒப்பந்தங்களில் இது சகஜம். சுந்தரம் ஃபைனான்ஸ் எதிர் அப்துல் சமத் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது: நடுவர் தீர்ப்பை, சொத்து எங்கே இருக்கிறதோ அந்த நீதிமன்றத்திலேயே நேராக நிறைவேற்றக் கேட்கலாம். நடுவர் மன்றம் நடந்த ஊர் நீதிமன்றத்தின் வழியாக டிரான்ஸ்ஃபர் வாங்க வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பு வந்த பிறகும் பழக்கத்தால் டிரான்ஸ்மிஷன் மனு (வேறு நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கும் மனு) போட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வீண் தாமதம்.

சொத்து கைமாறிவிடும் என்ற பயம் இருந்தால்

டிரான்ஸ்மிஷன் மனு போட்டு, உத்தரவாகி, டிகிரிக் காகிதங்கள் அடங்கிய கட்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் கடனாளி நிலத்தை மச்சான் பெயருக்கு மாற்றிவிடலாம். இதற்காகவே 46-ஆம் பிரிவில் பிரிசெப்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது. டிகிரி கொடுத்த நீதிமன்றம், சொத்து இருக்கும் ஊர் நீதிமன்றத்துக்கு "இந்தச் சொத்தை ஜப்தி செய்து வை" என்று எழுதும். அங்கே உடனே ஜப்தி ஆகும். ஆனால் அது இரண்டு மாதம்தான் நிற்கும். அதற்குள் டிகிரியை முறைப்படி அனுப்பி, அங்கே விற்பனைக்கு மனு போட்டிருக்கவேண்டும். அல்லது இங்கே கால நீட்டிப்பு வாங்கியிருக்கவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் ஜப்தி தானாகக் கலைந்துவிடும். எனவே பிரிசெப்ட் மனுவையும் டிரான்ஸ்மிஷன் மனுவையும் ஒரே நாளில் போடுவதுதான் புத்தி. ஜப்தி ஆகிவிட்டால், அதற்கு மாறாகக் கடனாளி தனிப்பட்ட முறையில் செய்யும் விற்பனை 64-ஆம் பிரிவின்படி நம் கோரிக்கைக்கு எதிராகச் செல்லாது. சக்தி வாய்ந்த கருவி. அதிகம் பயன்படுத்தப்படாத கருவியும்கூட.

டிரான்ஸ்மிஷன் மனு

டிகிரி கொடுத்த நீதிமன்றத்தில் போடவேண்டியது இது. டிகிரியை அனுப்ப 39(1) நான்கு காரணங்களை ஒத்துக்கொள்கிறது: கடனாளி அந்த ஊரில் வசிக்கிறார், அல்லது தொழில் செய்கிறார், வேலை பார்க்கிறார்; இங்கே போதிய சொத்து இல்லை, அங்கே இருக்கிறது; டிகிரியே அங்குள்ள அசையாச் சொத்தைப் பற்றியது; எழுத்தில் பதிவுசெய்யும் வேறு ஏதேனும் காரணம். எந்தக் காரணம் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் வெட்டவெளிச்சமாக எழுதுங்கள். "பிரதிவாதி தற்போது கேரளாவில் உள்ளார்" என்ற ஒற்றை வரி போதாது. எந்த முகவரி, எந்தத் தாலுகா, என்ன சொத்து, எந்த சர்வே எண் என்று வேண்டும்.

எந்த நீதிமன்றத்துக்கு அனுப்புவது? தகுதியுள்ள நீதிமன்றம் என்பதற்கு 39(3) ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது: டிரான்ஸ்ஃபர் மனு போடும் நாளில் அந்த நீதிமன்றத்தால் இதே வழக்கை விசாரித்திருக்க முடியுமா? பார்க்கவேண்டியது வழக்கின் மதிப்பை, வட்டியோடு இன்று ஏறியிருக்கும் தொகையை அல்ல. நம் ஊர் மாவட்ட முன்சீப், சார்பு நீதிபதி என்ற பிரிவு கர்நாடகத்தில் சிவில் ஜட்ஜ் ஜூனியர் டிவிஷன், சீனியர் டிவிஷன் என்று இருக்கும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஜூனியர் சிவில் ஜட்ஜ், சீனியர் சிவில் ஜட்ஜ். பண வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குழப்பமாக இருந்தால் அந்த மாவட்ட நீதிமன்றத்துக்கே அனுப்பக் கேளுங்கள். விதி 8-இன்படி மாவட்ட நீதிமன்றம் தானே நிறைவேற்றலாம், அல்லது தனக்குக் கீழுள்ள தகுதியான நீதிமன்றத்துக்குக் கொடுக்கலாம். ஒரு படி கூடும். ஆனால் "எங்களுக்கு அதிகாரமில்லை" என்ற மறுப்பு வராது.

மனு உத்தரவானதும் நீதிமன்றம் அனுப்பவேண்டிய காகிதங்கள் விதி 6-இல் இருக்கின்றன. டிகிரியின் நகல் ஒன்று. டிகிரித் தொகை இந்த நீதிமன்ற எல்லைக்குள் வசூலாகவில்லை, அல்லது இவ்வளவு வசூலாகி இவ்வளவு பாக்கி, என்ற சான்றிதழ் இரண்டாவது. வக்கீல்கள் வாயில் இது நான்-சாட்டிஸ்ஃபாக்‌ஷன் சர்டிஃபிகேட். மூன்றாவது, ஏற்கெனவே நிறைவேற்று உத்தரவு ஏதும் பிறந்திருந்தால் அதன் நகல். பிறக்கவில்லை என்றால் அப்படி ஒன்று இல்லை என்ற சான்றிதழ்.

மூன்றாவதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது. உத்தரவே இல்லாதபோது எதை அனுப்புவது என்று எழுத்தர் விட்டுவிடுவார். "இல்லை" என்பதற்கும் ஒரு காகிதம் வேண்டும் என்பது அங்கே போய்க் கட்டு திரும்பி வந்த பிறகுதான் தெரியும். கட்டு கிளம்பும் முன் மூன்றும் இருக்கின்றனவா, மூன்றிலும் நீதிமன்ற முத்திரை இருக்கிறதா, வழக்கு எண்ணும் வருடமும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். டிகிரியில் பிரதிவாதியின் தகப்பனார் பெயரோ தொகையோ எழுத்துப் பிழையாக இருந்தால் 152-ஆம் பிரிவில் இங்கேயே திருத்திக்கொள்ளுங்கள். அனுப்பப்பட்ட நீதிமன்றம் டிகிரியில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாது.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் டிகிரி தமிழில் இருக்கலாம். அதைப் படிக்கப்போகிற நீதிபதிக்குக் கன்னடமோ தெலுங்கோதான் தெரிந்திருக்கும். சான்றிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பைத் தீர்ப்புக்கும் டிகிரிக்கும் சேர்த்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களின் ஆங்கில எழுத்துக் கோவை கடனாளியின் அந்த ஊர்ச் சொத்துப் பத்திரத்தில் இருப்பதுபோலவே இருக்கவேண்டும். பத்திரத்தில் ஒரு மாதிரி, டிகிரியில் வேறு மாதிரி என்றால் "அந்த ஆள் நான் இல்லை" என்று ஒரு ஆட்சேபணை நிச்சயம் வரும். அதைத் தீர்க்க ஆறு வாய்தா ஆகும்.

விதி 5-இன்படி கட்டு நேராக அந்த நீதிமன்றத்துக்கே போகும், வேறு மாநிலம் என்றாலும். இங்கே அனுப்புகை எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தபால் பிரிவில் போய் அந்த எண்ணைச் சொல்லி வந்துவிட்டதா என்று விசாரிக்க ஒருவர் வேண்டும். கட்டு தொலைந்தது என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை தொலைந்தவை அல்ல. யாரும் வந்து கேட்காததால் அலமாரியில் கிடப்பவை.

போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். டிகிரி அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்த நீதிமன்றம் தானாக எதையும் செய்யாது. டிரான்ஸ்மிஷன் என்பது அனுப்புதல், அவ்வளவே. அங்கே புதிதாக நிறைவேற்று மனு, அதாவது இ.பி., போடவேண்டும். அந்த ஊர் வக்கீலுக்கு வக்காலத்து கொடுக்கவேண்டும். இதைச் செய்யாமல் "டிகிரிதான் அனுப்பியாச்சே" என்று வருடக்கணக்கில் காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

காலக்கெடு 12 வருடம். காலவரையறைச் சட்டத்தின் 136-ஆம் இனம். டிகிரி நிறைவேற்றத்தக்கதாகும் நாளிலிருந்து கணக்கு; தவணை டிகிரி என்றால் தவணை தவறிய நாளிலிருந்து. இடைக்காலத் தடை உத்தரவு இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். டிரான்ஸ்மிஷனுக்குக் காத்திருந்த நாட்களைக் கழித்துத் தருவார்கள் என்று நம்பி இருக்கவேண்டாம். பத்தாவது வருடத்தில் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

டிகிரி தேதியிலிருந்து இரண்டு வருடம் கடந்த பிறகு இ.பி. போட்டால் விதி 22-இன்படி கடனாளிக்கு நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் மேலே போகமுடியும். நோட்டீஸ் போனால் சொத்தை மறைக்க அவகாசம் கிடைக்கும். டிகிரி கிடைத்த வேகத்திலேயே கிளம்புவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

இ.பி.யில் வழக்கு எண், தரப்பினர், டிகிரி தேதி, மேல்முறையீடு உண்டா, இடையில் பணம் வந்ததா, முன்பு மனு போட்டதா, இன்றைய பாக்கி, எந்த வகையில் உதவி வேண்டும் என்று விதி 11 கேட்பதை அட்டவணையாகக் கொடுக்கவேண்டும். இதில் பாக்கிக் கணக்கு தப்பினால் மனு ரிட்டர்ன் ஆகும். ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். அசல் 5,00,000, வட்டி 6 சதவீதம், வழக்குச் செலவுத் தொகை 42,000. 3 வருடம் 4 மாதம் ஆகியிருக்கிறது. வருடத்துக்கு 30,000 வீதம் வட்டி 1,00,000. மொத்தம் 6,42,000. அன்றைக்குக் கடனாளி 75,000 கட்டுகிறார். டிகிரி வேறு விதமாகச் சொல்லாதவரை முதலில் செலவும் வட்டியும் கழியும், பிறகே அசல். 42,000 செலவுக்கு, 33,000 வட்டிக்கு. மீதி வட்டி 67,000, அசல் அப்படியே 5,00,000. பாக்கி 5,67,000. அந்த 75,000-ஐ அசலில் கழித்திருந்தாலும் இன்றைய பாக்கி அதே 5,67,000-தான், ஆனால் இனி வட்டி 4,25,000-க்கு மட்டும் ஓடும். வருடத்துக்கு 4,500 ரூபாய் குறையும். சின்னத் தொகைபோலத் தெரியும். ஐந்து வருடம் இழுத்தால் 22,500.

கடனாளி நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்திருந்தால் அதை நிறைவேற்றும் நீதிமன்றத்தில் பதிவுசெய்யவேண்டும் என்பது விதி 2. கடனாளி அதைப் பதிவுசெய்யக் கேட்க 30 நாள்தான். பதிவாகாத பணத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. அதற்காக வாங்கிய பணத்தை மறைத்து முழுத்தொகைக்கு மனு போடாதீர்கள். வாங்கியதைச் சொல்லவேண்டியது டிகிரிதாரரின், அதாவது டிகிரி வாங்கியவரின், கடமை.

அசையாச் சொத்து என்றால் விதி 13: எல்லைகள் அல்லது சர்வே எண், கடனாளிக்கு அதில் உள்ள பங்கு. பங்கைச் சொல்லாமல் முழு நிலத்தையும் அட்டவணையில் போட்டால் அண்ணன் தம்பி, அம்மா என்று வரிசையாக விதி 58-இல் உரிமை கோரி வருவார்கள். ஜப்தி உத்தரவு நிலத்தில் தமுக்கு அடித்து அறிவிக்கப்பட்டு ஒட்டப்படவேண்டும். நீதிமன்ற ஊழியரான அமீனா போகும்போது நிலத்தைக் காட்ட ஆள் இல்லையென்றால் "சொத்தை அடையாளம் காட்டவில்லை" என்று எழுதித் திரும்புவார். வெளி மாநிலத்தில் இது மிகச் சாதாரணமாக நடக்கும். அங்கே ஒரு உள்ளூர் ஆள் கட்டாயம் வேண்டும். அதோடு ஜப்தி உத்தரவு அந்த ஊர் சார்பதிவாளருக்குப் போய் வில்லங்கத்தில் ஏறிவிட்டதா என்று பின்தொடர்ந்து பாருங்கள்.

மனு நின்றுபோக இன்னொரு சாதாரணக் காரணம் பேட்டா, அதாவது நோட்டீஸ் அனுப்பக் கட்டவேண்டிய கட்டணம். நீதிமன்றம் நோட்டீஸ் உத்தரவிடும், பேட்டா கட்டியிருக்கமாட்டார்கள், இரண்டு வாய்தா பார்த்துவிட்டு மனுவைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். சில நூறு ரூபாயில் பல லட்சம் நிற்கிறது. இ.பி.க்குப் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் கிடைக்கும், இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டு ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் நீங்களே பாருங்கள். வக்கீல் சொல்லட்டும் என்று இருக்காதீர்கள்.

வங்கிக் கணக்கை விதி 46ஏ-இல் கார்னிஷி நோட்டீஸ் (கடனாளிக்குப் பணம் தரவேண்டியவருக்குப் போகும் நோட்டீஸ்) மூலம் பிடிக்கலாம். நடப்புக் கணக்கிலும் சேமிப்பிலும் வைப்பிலும் பணம் இருந்தால் கிடைக்கும். கேஷ் கிரெடிட், ஓவர் டிராஃப்ட் கணக்கு என்றால் அங்கே கடனாளிதான் வங்கிக்குத் தரவேண்டியவர், வங்கி அவருக்குத் தரவேண்டியது எதுவும் இல்லை; ஆகவே பிடிக்க எதுவும் இருக்காது.

கைது கேட்பவர்கள் நிதானமாக யோசிக்கவேண்டும். பணம் இல்லாதவரைச் சிறையில் வைக்கமுடியாது. கட்ட வசதி இருந்தும் மறுக்கிறார், சொத்தைக் கெட்ட எண்ணத்தோடு மாற்றினார், ஓடிவிடப் பார்க்கிறார் என்பது போன்றதைக் காட்டவேண்டும். 51-ஆம் பிரிவும், 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். பண டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிகிரிக்கு அதிகபட்சம் மூன்று மாதம். உள்ளே இருக்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுப் படியை டிகிரிதாரர்தான் கட்டவேண்டும். வெளியே வந்தாலும் கடன் தீராது, ஆனால் அதே டிகிரிக்கு மறுபடி கைது கிடையாது. சொத்து இருப்பவரிடம் இது அழுத்தம் தரும். இல்லாதவரிடம் செலவு மட்டும்தான் மிச்சம்.

எதிர்த்தரப்பு என்ன செய்யும்

வெளி மாநிலக் கடனாளியின் முதல் வாதம் எப்போதும் ஒன்றுதான்: "எனக்குச் சம்மனே வரவில்லை, ஒருதலைப்பட்சமாக டிகிரி வாங்கிவிட்டார்கள்." அனுப்பப்பட்ட நீதிமன்றம் டிகிரி சரியா தவறா என்று பார்க்காது. இறந்துபோனவர் மேல் வாங்கிய டிகிரி போல ஆரம்பத்திலேயே செல்லாத ஒன்றாக இருந்தால் மட்டுமே அது பேச்சு. ஒருதலை டிகிரியை நீக்க அவர் கோயம்புத்தூருக்குத்தான் வரவேண்டும். ஆனால் விதி 26-இன்படி, அதற்காகப் போய்வர நியாயமான அவகாசம் கொடுத்து நிறைவேற்றலை அங்கே நிறுத்திவைக்கலாம். அப்போது கடனாளியிடம் ஜாமீன் கேட்கும்படி வற்புறுத்துங்கள். மூல வழக்கில் சம்மன் சார்பு செய்த (கடனாளியிடம் சேர்ப்பித்த) அறிக்கை, பத்திரிகை விளம்பரம் எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் எடுத்து வைத்திருந்தால் இந்த அத்தியாயம் சீக்கிரம் முடியும்.

அங்கே பிறக்கும் உத்தரவுகளுக்கு மேல்முறையீடும் சீராய்வும் அந்த மாநில உயர் நீதிமன்றத்தில்தான். கம்பெனிக் கடனாளி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால், திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவுத் தடை இ.பி.யை அப்படியே நிறுத்திவிடும். உடனே தீர்வாளரிடம் (அந்த நடவடிக்கையை நடத்த நியமிக்கப்பட்டவரிடம்) கோரிக்கை கொடுக்கவேண்டும், இ.பி.யைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கடனாளி இறந்துவிட்டால் வாரிசுகளைச் சேர்க்க அனுப்பப்பட்ட நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு. வாரிசுகள் தங்களுக்கு வந்த சொத்து அளவுக்குத்தான் பொறுப்பு. டிகிரிதாரர் இறந்தால் நிலைமை வேறு. டிகிரி யார் கைக்கு மாறினாலும் அதை அங்கீகரிக்கும் வேலை டிகிரி கொடுத்த நீதிமன்றத்துடையது, வெளி மாநில நீதிமன்றத்துடையது அல்ல. அதோடு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 214-ஆம் பிரிவு இறந்தவருக்கு வரவேண்டிய கடனை வசூலிக்க நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழைக் கேட்கிறது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் இதற்குப் போதாது. இந்த ஒரு குழப்பத்தால் மட்டும் எத்தனையோ குடும்பங்கள் வரவேண்டிய பணத்துக்காக வருடங்களாக அலைகின்றன.

ஏலமும் பணமும்

ஏல அறிவிப்பு ஒட்டியபின் அசையாச் சொத்துக்கு 15 நாளாவது கழியவேண்டும். ஏலம் எடுத்தவர் உடனே 25 சதவீதம் கட்டவேண்டும், மீதியை 15 நாளில். நீங்களே ஏலத்தில் எடுக்க விரும்பினால் முன்கூட்டி நீதிமன்ற அனுமதி வேண்டும். கடன் தீரும் அளவுக்கு மேல் சொத்தை விற்றால் ஏலம் பின்னால் ரத்தாக வாய்ப்புண்டு. நான்கு ஏக்கரில் ஒரு ஏக்கர் போதும் என்றால் ஒரு ஏக்கரை மட்டும் அட்டவணையில் பிரித்துக் கொடுங்கள். ஏலத்துக்குப் பின்னும் கடனாளி 60 நாளுக்குள் டிகிரித் தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு அவர் கட்டிய விலையில் 5 சதவீதத்தையும் கட்டி ஏலத்தை நீக்கிக்கொள்ளலாம். அப்படி நடந்தால் நமக்கு நல்லதுதான், பணம் வந்துவிடும்.

அதே கடனாளி மேல் அந்த ஊரிலும் சிலர் டிகிரி வாங்கியிருப்பார்கள். ஏலப் பணம் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே தங்கள் மனுவைப் போட்டுவிட்டவர்களுக்கு 73-ஆம் பிரிவில் விகிதப்படி பங்கு உண்டு. உங்களுக்கும் அப்படித்தான்: வேறொருவர் நடத்தும் ஏலம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால், பணம் வரும் முன் உங்கள் இ.பி. அந்த நீதிமன்றத்தில் இருக்கவேண்டும்.

முழுவதும் வசூலாகாவிட்டால், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று 41-ஆம் பிரிவின்படி டிகிரி கொடுத்த நீதிமன்றத்துக்குச் சான்று அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அல்லது 42-ஆம் பிரிவைக் காட்டி அங்கிருந்தே அடுத்த ஊர் நீதிமன்றத்துக்கு டிகிரியை அனுப்பக் கேளுங்கள். இரண்டாவது வழியில் கட்டு கோயம்புத்தூர் வந்து திரும்ப வேண்டியதில்லை. எந்த வழியானாலும் சான்றில் பாக்கித் தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறதா, எந்தத் தேதி வரை வட்டி கணக்கிட்டது என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுத்த இ.பி.யின் முதல் வரி அந்தத் தொகைதான்.